வடையைக் காலுக்கடியில் வைத்த காக்கா



சின்னஞ்சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து படக்கதைப் புத்தகம் பார்ப்பதைப் பற்றி மதுரை ஒத்தக்கடையில் பேச வருகிறவர் உதாரணத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஊரை ஒட்டியே ஒரு பெரிய படம் படுத்துக் கிடக்கிறது. எழுத்துத் தெரியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைப் பக்கம் கை காட்டினால் போதும், "ஆனை" என்று சொல்லிவிடும். அப்படிச் சொல்ல அதற்கு யாரும் புராணம் சொல்லித் தந்திருக்க வேண்டாம். அந்த யானைமலையில் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் மலையின் பெயர் இவகுன்றம். இவம் என்றால் யானை. ஆக, அன்றைக்கே அது யானைதான். சமணர்கள் சோழனுக்காக வேள்வித் தீயிலிருந்து யானையை எழுப்பி மதுரைமேல் ஏவினார்கள், சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணையால் அதை வீழ்த்தினார், விழுந்த யானை மலையாயிற்று என்று திருவிளையாடற் புராணத்தின் யானை எய்த படலம் சொல்கிறது. பரஞ்சோதி முனிவர் அதைப் பாடியது கல்வெட்டுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. படம் முதலில் வந்தது, கதை பின்னால் வந்தது. அந்த யானையின் நிழலில் படுத்துறங்கிய துறவிகளையே பொல்லாதவர்களாக்கிய ஒரு கதை, பிற்பாடு அதே யானையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாகமலைக்கும் பசுமலைக்கும் புராணம் சொல்லும் கதைகள் இதே அச்சில் வார்த்தவைதான்.

படம் ஒன்றுதான், அதன்மேல் ஏறும் கதைகள் பல. நான் சொல்ல வந்தது இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு கதையை ஒரே விதமாக மட்டும் கேட்ட பிள்ளை அந்தக் கதையை நம்பக் கற்றுக்கொள்கிறது. அதே கதையை இரண்டு விதமாகக் கேட்ட பிள்ளை கதை கேட்கவே கற்றுக்கொள்கிறது. பழைய மாயக் கதைகளை மாற்றிச் சொல்லும் படப்புத்தகங்களின் உண்மையான பயன் இந்த இடத்தில் இருக்கிறது. நீதி புகட்டுவதும் எழுத்துக்கு முன்பயிற்சி தருவதும் அதற்கு அடுத்தபடிதான்.

'தேவதைக் கதை' என்ற பெயரே இரவல் பெயர். அப்படி அழைக்கப்படும் கதைகள் பலவற்றில் தேவதையே கிடையாது. சிவப்புத் தொப்பிக்காரியின் கதையில் முக்கியமாக இருப்பது ஒரு சிறுமி, ஒரு பாட்டி, ஒரு ஓநாய், அவ்வளவுதான். நம் வீடுகளில் இதற்கு ராஜா ராணி கதை என்றும் பாட்டி கதை என்றும் பெயர் உண்டு. அந்தப் பெயர்களே எனக்குப் போதும்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலம் என்று ஒன்று இருக்கிறது, அதை மாற்றினால் பாவம் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அச்சு வரலாறு வேறு சொல்கிறது. 1697-இல் பிரான்சில் பெரோ அச்சிட்ட சிவப்புத் தொப்பிக்காரி கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, கதையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வேடன் ஒருவனைக் கொண்டுவந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை வெளியே எடுத்தார்கள். அதே கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பில், பனிவெள்ளைச் சிறுமியைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். தாயைப் பற்றி அப்படி எழுதுவது உறுத்தியதால் அடுத்த பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். மூன்று கரடிகள் கதையை எல்லோருக்கும் தெரியும். கரடி வீட்டுக்குள் புகுந்து கஞ்சியைக் குடித்த தங்கமுடிச் சிறுமியைத் தெரியாத ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை கிடையாது. 1837-இல் சவுதி அந்தக் கதையை அச்சிட்டபோது வீட்டுக்குள் புகுந்தது ஒரு கிழவி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர்தான் கிழவியைச் சிறுமியாக்கினார். எது மூலம்? எது அந்நியம்? இத்தாலியிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவை நாம் நம்மூர் ஆசாமியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஓநாயும் பனியும் நம் பிள்ளைகளுக்கு அந்நியம் என்று முறையிடுகிறவர்களுக்கு இது ஒன்றே பதில். பஞ்சதந்திரம் அரபு வழியாகப் பிரான்சுக்குப் போனதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், அதே வழியில் ஒரு கரடி திரும்பி வந்தால் மட்டும் கதவைச் சாத்துவது சரியில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சி காக்காயும் வடையும். ஈசாப் கதையில் காக்காயின் வாயில் இருப்பது பாலாடைக் கட்டி. தமிழ்நாட்டுக்கு வந்ததும் அது வடையாயிற்று. வடை வந்தால் அதைச் சுட ஆள் வேண்டும். ஆகவே மரத்தடியில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தாள். கவனியுங்கள், திருட்டுக் கொடுத்த ஆள் இதனால் கதைக்குள் நுழைந்துவிட்டாள். உழைத்துப் பிழைக்கும் கிழவியிடம் காக்கா திருடியது, திருடிய காக்காயிடம் நரி ஏமாற்றிப் பறித்தது. பொருளே மாறிவிட்டது. அதோடு நிற்கவில்லை. நரி பாடச் சொன்னதும் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு காக்கா பாடியது என்று யாரோ சொல்லிவைத்தார்கள். சொன்னவர் பெயர் இல்லை. அது நாடெங்கும் பரவிவிட்டது, இன்றைக்கு நாலு வயதுப் பிள்ளைக்கும் இரண்டு முடிவும் தெரியும். தமிழ்ப் பிள்ளை கதையைப் பற்றிப் படிக்கும் முதல் பெரிய பாடம் இதுதான் என்பேன்: கேட்டது போலவே முடிய வேண்டிய கட்டாயம் எந்தக் கதைக்கும் இல்லை. வடை யாருக்கு என்பது கதை சொல்கிறவர் கையில் இருக்கிறது. அடுத்த தடவை சொல்லப்போவது நானாகவும் இருக்கலாம் என்று பிள்ளைக்குத் தெரிகிறது.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். வாயால் சொல்லும் கதையில் எல்லாம் சொல்கிறவர் கையில். படப்புத்தகத்தில் அப்படி இல்லை. எழுத்து பெரியவருக்குச் சொந்தம், படம் பிள்ளைக்குச் சொந்தம். பெரியவர் வரியின்மேல் கண்ணை ஓட்டும்போது பிள்ளை படத்தின் ஓரத்தில் இருக்கும் எலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த எலியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் இருக்காது. "எலி ஏன் அழுகுது?" என்று பிள்ளை கேட்கும்போது பெரியவர் பெரும்பாலும் "கதையைக் கேளு" என்று அதட்டிவிட்டு மேலே போகிறார். நம் வாசிப்பு கெடுவது அந்த இடத்தில். நம் மரபில் கதை கேட்கிறவர் சும்மா இருக்கக் கூடாது, உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதை நிற்கும். தொல்காப்பியம் உரைநடை வகைகளைச் சொல்லும்போது அதில் ஒரு பகுதியைச் செவிலிக்கு உரியது என்று ஒதுக்கியிருக்கிறது. பிள்ளை வளர்க்கிறவளின் பேச்சுக்கு இலக்கணத்தில் இடம் கொடுத்த நூல் அது. பொய்யாகக் கட்டிச் சொல்லும் கதைக்கு உரையாசிரியர் பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு எது தெரியுமா? ஒரு யானையும் ஒரு குருவியும் நட்புக்கொண்டு எங்கெங்கோ போய் ஏதேதோ செய்தன என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டு வருவது. யானையும் குருவியும்! இன்றைக்கு எந்தப் பதிப்பாளரிடம் கொடுத்தாலும் படம் போட்டு வெளியிட்டுவிடுவார்.

உம் கொட்டுவது வளர்ந்து கேள்வியானால் என்ன நடக்கும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1988-இல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு வழக்கம்போலப் படப்புத்தகம் வாசித்தது. இன்னொரு பிரிவுக்குச் சொன்னது சிறிய விஷயம்தான்: ஆம், இல்லை என்று முடியும் கேள்வியைக் கேட்காதீர்கள், என்ன, ஏன் என்று கேளுங்கள், பிள்ளை சொன்ன அரைகுறைப் பதிலை எடுத்து நீட்டிச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிடப் பல மாத வளர்ச்சி முன்னே போயிருந்தது. அவையெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று நீங்கள் சொல்லலாம். அதனால்தான் 1992-இல் வெளியான ஆய்வொன்றில், மெக்சிகோவில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் பகல்நேரக் காப்பகத்தில், இதே முறையைச் சோதித்தார்கள். அங்கேயும் பலன் கிடைத்தது. வாசிக்கிறவர் தாயாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று அதிலிருந்து தெரிந்தது. இங்கே வந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் இந்த உரையாடலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் புத்தகத் தமிழ் வேறு, வாய்த் தமிழ் வேறு. "பாட்டி வடை சுட்டுக்கொண்டிருந்தாள்" என்று அச்சில் இருக்கும். அதைப் பிள்ளையிடம் அப்படியே வாசித்துவிட்டு, உடனே "பாட்டி வடை சுட்டுக்கிட்டு இருந்துச்சு" என்று மதுரைத் தாய் சொல்கிறாள். அவளை யாரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை, இரண்டு தமிழில் சொல்கிறாள். இது புத்தகத்துக்குச் செய்யும் துரோகம் என்று சில ஆசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கு இது பெரிய சொத்தாகத் தெரிகிறது. பள்ளிக்குப் போனதும் திடீரென்று எதிர்ப்படும் எழுத்துத் தமிழ், மடியில் இருக்கும்போதே, படத்தின் துணையோடு, பழகிய குரலில் காதில் விழுந்துவிடுகிறது. ஒன்றை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்பதும் மொழி வழியாகவே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. ஆகவே அச்சில் உள்ளதை விட்டுவிடாதீர்கள், வாய்ப்பேச்சில் சொல்வதையும் நிறுத்தாதீர்கள்.

மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு அறிவியல் நோக்குள்ளவர்களிடமிருந்து வருகிறது: பேசும் மிருகமும் பறக்கும் பாயும் பிள்ளையின் உலகறிவைக் குழப்பாதா? மரியா மாண்டிசோரி அம்மையாரே சின்ன வயதில் மாயக் கதைகள் வேண்டாம் என்ற கருத்துக் கொண்டவர். மறுப்பில் சரக்கு இல்லாமல் இல்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத மிருகங்களைப் பற்றிய படப்புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். மிருகங்களை மனிதர்போலப் பேசவைத்த புத்தகத்தைக் கேட்ட பிள்ளைகள் அந்த மிருகத்தைப் பற்றிய உண்மைகளைக் குறைவாகவே கற்றுக்கொண்டன. அதை ஒப்புக்கொள்கிறேன். குரங்கு என்ன தின்னும் என்று சொல்லித்தர வேண்டுமானால் குரங்குக்குச் சட்டை போடாதீர்கள். ஆனால் 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு, வறுமைப் பகுதிப் பள்ளிகளின் சிறு பிள்ளைகளை வைத்து நடந்தது. யதார்த்தக் கதைப் புத்தகத்தைவிட மாயக் கதைப் புத்தகத்தின் வழியே அவர்கள் புதுச் சொற்களைக் கூடுதலாகக் கற்றார்கள். எதற்கு எந்தப் புத்தகம் என்பதே கேள்வி. மாண்டிசோரி வழியில் நடந்து, 1920-இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா இந்த இடத்தில் குருவோடு மாறுபட்டார். குஜராத்தின் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். தமிழில் 'பகல் கனவு' என்று வந்திருக்கும் அவருடைய புத்தகத்தில் வரும் பள்ளி ஆசிரியர் கூச்சல் நிறைந்த வகுப்பைக் கட்டிப்போடுவது கதையால்தான். குருவின் விதியைவிடப் பிள்ளையின் முகத்தை நம்பியவர் அவர்.

அடுத்தது பயம். ஓநாயின் வயிற்றைக் கிழிப்பதும் சூனியக்காரி பிள்ளையை அடுப்பில் தள்ளப் பார்ப்பதும் மூன்று வயதுக்குத் தேவையா? புருனோ பெட்டல்ஹைம் 1976-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், இந்தக் கொடூரங்கள்தான் பிள்ளையின் உள்மனப் பயங்களை ஆற்றும் என்று வாதிட்டார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கதையை மருந்துபோலப் புகட்டும் பேச்சு அது. இந்தக் கதை இந்த நோய்க்கு என்று சீட்டு எழுதித் தருகிறார். நான் சொல்வது எளிமையானது. படப்புத்தகத்தில் ஓநாய் ஒரு பக்கத்தின் அளவுதான். பயந்த பிள்ளை பக்கத்தைத் திருப்பலாம், கையால் மூடலாம், பின்னால் போய் ஓநாய் வராத பக்கத்தில் தங்கிவிடலாம். கைப்பேசித் திரையில் ஓடும் ஓநாய் பிள்ளைக்காக நிற்பதில்லை. வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் மூடிவைத்துவிட வேண்டும். வீரம் வளர்க்கிறேன் என்று பிடிவாதமாக வாசிக்கிறவர் பிள்ளைக்குப் புத்தகத்தையே பகையாக்கிவிடுவார். கைப்பேசிக் கதைகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சின்சினாட்டியில் நாலு வயதையொட்டிய 27 பிள்ளைகளை வைத்து மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். குரல் மட்டும் கேட்டபோதும், அசையும் படம் பார்த்தபோதும் இருந்ததைவிட, குரலோடு அசையாப் படம் பார்த்தபோதுதான் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்தன. அந்த விளைவுக்குத் தங்கமுடிச் சிறுமியின் பெயரையே வைத்தார்கள். சூடு அதிகமும் இல்லை, ஆறிப்போகவும் இல்லை, குடிக்கப் பதமான கஞ்சி. 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆகவே இதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாட்டிகள் சொன்னதற்கு ஒரு துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

மிகக் கனமான மறுப்பு மூன்றாவது. பழைய கதை பழைய வெறுப்பையும் சுமந்து வருகிறது. மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி, கறுப்பு என்றால் சூனியம், வெளுப்பு என்றால் அழகு, இளவரசிக்கு வேலை தூங்குவது, கிழவி என்றால் நஞ்சு. தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மாற்றாந்தாயை நாம் சித்தி என்கிறோம். பிள்ளைக்கோ சித்தி என்றால் அம்மாவின் தங்கச்சி, திருவிழாவுக்குப் பலூன் வாங்கித் தந்தவள். "சித்தி விஷம் வைத்தாள்" என்று வாசித்தால் அது முழிக்காமல் என்ன செய்யும்? நம் சொந்தக் கதைகளும் இதில் சளைத்தவை அல்ல. நல்லதங்காள் கதையின் அண்ணியை நினைத்துப் பாருங்கள். ஆகவே இந்தக் கதைகளைப் பிள்ளையிடம் கொண்டுபோகவே கூடாது என்று நல்ல உள்ளம் படைத்த சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் வெறுப்பை மட்டும் கத்தரித்துச் சுத்தமாக்கித் தரலாம் என்கிறார்கள். இரண்டும் போதாது என்பது என் கருத்து. ஒளித்துவைத்த கதை பள்ளிக்கூடத்திலோ விளம்பரத்திலோ சினிமாவிலோ எப்படியும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம். சுத்தம் செய்த கதையோ, எதைச் சுத்தம் செய்தோம் என்பதையே மறைத்துவிடுகிறது. கிரிம் சகோதரர்கள் தாயைக் காப்பாற்றப் போய் உலகத்து மாற்றாந்தாய்களின் தலையில் பழியைப் போட்டதும் ஒருவகைச் சுத்தம்தான்.

எனவே பழையதும் மாற்றியதும் இரண்டும் வேண்டும் என்கிறேன். 1989-இல் அமெரிக்காவில் ஜான் செஸ்கா எழுதி லேன் ஸ்மித் படம் வரைந்த ஒரு புத்தகம், மூன்று பன்றிக்குட்டிகள் கதையை ஓநாய் வாயாலேயே சொல்ல வைத்தது. சர்க்கரை கடன் கேட்கப் போனேன், சளி பிடித்திருந்தது, தும்மல் வந்தது, வீடு விழுந்துவிட்டது என்கிறது ஓநாய். பழைய கதை தெரிந்த பிள்ளைக்குத்தான் இதில் சிரிப்பு வரும். சிரிப்பு அடங்கியதும் ஓநாய் சொல்வது உண்மையா என்ற கேள்வியும் வரும். நம்மிடமும் இதற்கு முன்மாதிரி உண்டு. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமனையும் அவன் தோளில் தொங்கிய வேதாளத்தையும் ஒரு தலைமுறையே மனத்தில் வைத்திருக்கிறது. வேதாளம் சொன்ன ஒவ்வொரு கதையும் கேள்வியில்தான் முடியும், நீதியில் முடியாது. கதை முடிந்ததும் "இதிலிருந்து நீ அறியும் நீதி என்ன" என்று பிள்ளையை நிற்கவைத்துக் கேட்கும் பழக்கம் நமக்கு எப்போது தொற்றியதோ, வேதாளத்துக்கு அது தொற்றவில்லை. யானைமலைக் கதையையும் இப்படித்தான் சொல்ல வேண்டும். புராணத்தை மறைக்க வேண்டாம், சமணர் மலையில் தங்கியதையும் மறைக்க வேண்டாம். அடிவாரத்தில் 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு நரசிங்கப் பெருமாளின் குடைவரை இருக்கிறது, மேலே பாறையில் மகாவீரரும் பாகுபலியும் இருக்கிறார்கள். ஒரே யானைமேல் இத்தனை பேர் குடியிருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, யாரையாவது வெறுத்தால்தான் கதை நடக்கும் என்று தோன்றாது.

கடைசியாகக் காசும் நேரமும். கல் சுமந்து, வயல் வேலை பார்த்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணிடம் புத்தகம் வாசி என்று உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படம் தெரியும், பத்து நிமிஷம் போதும், பிள்ளை பேசட்டும். மீதிப் பொறுப்பு நம்முடையது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்று படிவைத்துச் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கு முந்தைய வயதுக்கும் அப்படி ஒரு வரிசை வேண்டும். சென்னையின் தூலிகாவும் தாராவும், பாரதி புத்தகாலயமும், நேஷனல் புக் டிரஸ்ட்டும் படப்புத்தகம் போடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம். மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஒத்தக்கடையிலிருந்து அது எட்டாத தூரமில்லை.

பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு புத்தகத்தோடு திரும்பாதீர்கள், ஒரே கதையின் இரண்டு புத்தகங்களைத் தேடுங்கள். அதற்கு நேரமில்லாதவர்கள் இன்று சாயங்காலம் வாசலில் நின்று மலையைக் காட்டி, "ஆனை என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். தூங்குது என்று சொல்லலாம், தண்ணி குடிக்குது என்று சொல்லலாம், யாரையோ தேடுது என்றும் சொல்லலாம். தயவுசெய்து திருத்தாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.